டிரில் மாஸ்டர் முதல் பி.டி. சார் வரை: உடற்கல்விப் படிப்பின் கதை

பி.டி. பீரியட் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, கணக்கு வாத்தியார் அந்த பீரியடைக் கடன் வாங்கிக்கொண்டு போவது. கடன் என்று பேர்தான், திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது! இன்னொன்று, ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பி.டி. சார்.

அந்த சார் எங்கே படித்தார், என்ன படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. "விளையாடுறதுக்கு ஒரு டிகிரியா?" என்று சிரிப்பவர்கள்தான் அதிகம். பி.காம்., பி.எஸ்ஸி. மாதிரி பி.பி.எட். என்று ஒன்று இருப்பது தெரியாதவர்களும் உண்டு. ஆனால் அந்தப் படிப்பு நம் தமிழ்நாட்டில் தொடங்கி நூறு வருஷம் தாண்டிவிட்டது. அது எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், இன்றைக்கு என்ன நிலைமையில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் என்ன இருந்தது?

வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தான் என்று நினைத்தால் அது தப்பு. மதுரைப் பக்கம் பல கிராமங்களில் இன்றைக்கும் இளவட்டக்கல் கிடக்கிறது. உருண்டையான, வழுக்கும் கல். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிறவன்தான் வாலிபன் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் உடம்பை வளர்க்க இருந்தன. சிலம்பம் சொல்லிக் கொடுப்பவருக்கும் 'வாத்தியார்' என்றுதான் பேர். சடுகுடுவுக்கு ஒரு கோடு போட மண் இருந்தால் போதும்.

ஆனால் இவை எதுவும் பள்ளிக்கூடத்துக்குள் இல்லை. ஊரில், கோயில் திருவிழாவில், அறுவடை முடிந்த வயலில் இருந்தன. அதுவும் பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டும். எந்தத் தெருப் பையன் எந்தக் களத்தில் இறங்கலாம் என்பதில் சாதியும் உள்ளே இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆங்கிலேயர் காலப் பள்ளிக்கூடங்களில் உடம்புக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் யோசித்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1882-ல் அமைக்கப்பட்ட ஹண்டர் கமிஷன் நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், டிரில் ஆகியவற்றைப் பள்ளிகளில் ஊக்கப்படுத்தச் சொன்னது. நாட்டு விளையாட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் நடைமுறைக்கு வந்தது டிரில் மட்டும்தான். காரணம் ரொம்ப எளிது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்கள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது டிரில். அதையே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

'டிரில் மாஸ்டர்' பிறந்த கதை இதுதான். பிள்ளைகளின் உடம்பு எப்படி வளர்கிறது, எந்த வயதில் எந்தப் பயிற்சி கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. வரிசையாக நில், நேராகப் பார், கையைத் தூக்கு. பேசினால் பிரம்பு. பி.டி. வாத்தியார் என்றால் அடிக்கிறவர், காலைப் பிரார்த்தனையில் வரிசையைச் சரி செய்கிறவர் என்ற எண்ணம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு குளிர்காலம்

இப்போது கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய் வரலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஒரு ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் லூதர் குலிக் என்பவர் உடற்கல்வித் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு, மனசு, ஆன்மா மூன்றும் சேர்ந்து வளர வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒய்.எம்.சி.ஏ.வின் முக்கோணச் சின்னத்துக்கு அர்த்தம் அதுதான்.

1891 டிசம்பரில், பனி கொட்டும்போது மாணவர்கள் உள்ளேயே விளையாட ஏதாவது ஒரு ஆட்டம் கண்டுபிடிக்கும்படி குலிக் தன் ஆசிரியர்களில் ஒருவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் சொன்னார். நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது. நாலு வருஷம் கழித்து, 1895-ல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் வில்லியம் மார்கன், வயது கூடியவர்களும் ஆடக்கூடிய மாதிரி கைப்பந்தை உருவாக்கினார்.

வேடிக்கையைப் பாருங்கள். பனிக்குப் பயந்து கட்டடத்துக்குள் ஆடுவதற்காகக் கண்டுபிடித்த ஆட்டங்கள் இவை. நம் ஊருக்கு வந்ததும் கொளுத்தும் வெயிலில், செம்மண் தரையில் ஆடும் ஆட்டங்களாகிவிட்டன! தென் மாவட்டக் கிராமங்களில் வாலிபால் இவ்வளவு பரவியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வலை, ஒரு பந்து, இரண்டு கம்பம், சின்ன இடம் போதும். கிரிக்கெட் மாதிரி காசு ஆகாது.

இதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்தவர்தான் நம் கதையின் நாயகர்.

பக் துரை

ஹாரி குரோ பக். 1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1919-ல் ஒய்.எம்.சி.ஏ. அவரைச் சென்னைக்கு அனுப்பியது. இங்கே வந்து பார்த்ததும் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. தான் ஒருவன் ஊர் ஊராகப் போய் விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தால் இந்த நாட்டுக்குப் போதாது. சொல்லிக் கொடுப்பவர்களை உருவாக்க வேண்டும்.

1920-ல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள்தான். அதுதான் வளர்ந்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆனது. பின்பு சைதாப்பேட்டைப் பக்கம், அடையாறு ஆற்றங்கரையில் பெரிய இடம் கிடைத்து அங்கே போனது. இன்று அந்தப் பகுதியை நந்தனம் என்கிறோம். புத்தகக் கண்காட்சிக்காக அந்த மைதானத்துக்குள் போய் வந்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். அது என்ன கல்லூரி என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

பக் செய்த வேலையில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, விளையாட்டை அவர் ஒரு பாடமாக ஆக்கினார். மாணவர்கள் காலையிலும் மாலையிலும் மைதானத்தில் இருந்தார்கள், நடுவில் வகுப்பில் உட்கார்ந்து உடற்கூறியல், உடலியல், சுகாதாரம், கற்பிக்கும் முறை எல்லாம் படித்தார்கள். தெரியாமல் ஆடுவதற்கும் தெரிந்து ஆட வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இரண்டாவது, நாட்டு விளையாட்டுகளை அவர் ஒதுக்கவில்லை. அமெரிக்க ஆட்டங்களோடு இந்த மண்ணின் ஆட்டங்களும் பயிற்சிகளும் கல்லூரிக்குள் வந்தன. விளையாட்டு விதிகளைத் தொகுத்து ஒய்.எம்.சி.ஏ. புத்தகமாகவே போட்டது. சடுகுடு போன்ற ஆட்டத்துக்கு ஊருக்கு ஒரு விதி இருந்த காலம் அது. ஒரு ஊர்ப் பையன் இன்னொரு ஊரில் போய் ஆடினால் சண்டைதான் வரும். அச்சடித்த விதி வந்த பிறகுதான் ஊர் விட்டு ஊர், மாநிலம் விட்டு மாநிலம் போட்டி நடத்த முடிந்தது. இதே வேலையை மகாராஷ்டிரம், பரோடா பக்கத்திலும் பலர் செய்தார்கள். 1990-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி பதக்க விளையாட்டாகச் சேர்ந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு எல்லாம் இருக்கிறது.

மூன்றாவது, ஒலிம்பிக். 1920-ல் தொராப்ஜி டாட்டா முயற்சியில் ஒரு சிறிய இந்திய அணி ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குப் போனது. அடுத்த 1924 பாரீஸ் ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்க, முதலில் மாகாணங்களில் போட்டி, அப்புறம் டெல்லியில் அகில இந்தியப் போட்டி என்று முறையாக நடந்தது. இந்த ஏற்பாட்டில் ஒய்.எம்.சி.ஏ.வின் டாக்டர் நோரன், பக் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. பாரீசுக்குப் போன அணிக்கு மேலாளர் பக்தான். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானபோது தொராப்ஜி டாட்டா தலைவர், நோரன் செயலாளர்.

பக் திரும்பிப் போகவே இல்லை. 1943-ல் சென்னையிலேயே இறந்தார். 24 வருஷம்.

ஒரு சின்ன விஷயம். கல்லூரிகளில் 'பிசிகல் டைரக்டர்' என்கிறோமே, அந்தப் பதவிப் பெயரே ஒய்.எம்.சி.ஏ. வழக்கிலிருந்து வந்ததுதான். அங்கே உடற்பயிற்சிக்கூடத்தை நடத்துகிறவருக்கு அந்தப் பேர். பேர் இங்கே வந்துவிட்டது. அந்தப் பேருக்கு உரிய மரியாதை முழுசாக வந்ததா என்பது வேறு கேள்வி.

சுதந்திரத்துக்குப் பிறகு

1957-ல், சிப்பாய்ப் புரட்சியின் நூற்றாண்டில், குவாலியரில் ராணி லட்சுமிபாய் பெயரில் மத்திய அரசு ஒரு உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்தவுடன் நேராகச் சேர்ந்து மூன்று வருஷம் உடற்கல்வியே படித்துப் பட்டம் வாங்கலாம் என்பது அங்கேதான் வந்தது. அதுவரைக்கும் வேறு ஏதாவது படித்துவிட்டு மேலே ஒரு வருஷம் படிப்பதுதான் வழக்கம்.

தமிழ்நாட்டில் அதே 1950-களில் காரைக்குடியில் அழகப்பா கல்லூரி வளாகத்தில் உடற்கல்விக் கல்லூரி வந்தது. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் மாருதி கல்லூரி வந்தது. மதுரை, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்களுக்கு சென்னை தூரம், செலவு. காரைக்குடி என்றால் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். இந்தக் கல்லூரி பக்கத்தில் வந்ததே ஒரு பெரிய கதவு திறந்த மாதிரி.

2004-ல் சட்டம் இயற்றி, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் அதன் வளாகம் இருக்கிறது. உடற்கல்விக்கு மட்டுமே ஒரு பல்கலைக்கழகம்! பக் ஆரம்பித்த நந்தனம் கல்லூரியும் அதன் கீழ் வந்தது. 2018-ல் மணிப்பூரில் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே தமிழ்நாடு இதைச் செய்துவிட்டது. 2014-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கொண்டுவந்த விதிகளின்படி பி.பி.எட். படிப்பும் பி.எட். போலவே இரண்டு வருஷம் ஆனது.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

"விளையாடுறதுக்கு டிகிரியா" என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம் போதும்.

ஒன்று, டிராக் போடுவது. 400 மீட்டர் ஓடுதளம் என்றால் சும்மா வட்டமாகச் சுண்ணாம்புத் தூள் கொட்டுவதல்ல. இரண்டு நேர்க்கோடுகள் ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், இரண்டு அரைவட்டங்களின் ஆரம் 36.50 மீட்டர். முதல் பாதையில் ஓடுபவர் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறார் என்று எடுத்துக்கொண்டால்தான் ஒரு சுற்று 400 மீட்டர் வரும். இரண்டாவது பாதைக்காரருக்கு வளைவு பெரிசு. அவரை அதே கோட்டில் நிறுத்தினால் அநியாயம். அதனால் அவரை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். மூன்றாவது ஆளை 14.70 மீட்டர். இதைத் தப்பாகப் போட்டால், நல்லா ஓடின பிள்ளை தோற்றுப்போகும். ஏன் தோற்றோம் என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இரண்டு, போட்டி அட்டவணை. 11 டீம் வருகிறது, நாக்-அவுட் முறை. எத்தனை மேட்ச்? 10. ஒவ்வொரு மேட்சிலும் ஒரு டீம் வெளியே போகும், கடைசியில் ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். ஆனால் 11 டீமை அடுத்த வரிசையான 16-க்கு ஏற்ப அமைக்க வேண்டும், ஆகவே 5 டீமுக்கு 'பை' கொடுக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது? அங்கேதான் சண்டை வரும். அதே 11 டீமும் லீக் முறையில் ஆடினால் 55 மேட்ச். மைதானம் எத்தனை, நாள் எத்தனை, நடுவர் எத்தனை, சாப்பாட்டுச் செலவு எவ்வளவு? காமர்ஸ் படிப்பவர்கள் இதைப் பார்த்தால் பட்ஜெட் போடும் பாடம்தானே இது என்பார்கள்.

இதோடு உடற்கூறியல், உளவியல், காயத்துக்கு முதலுதவி, யோகா, கற்பித்தல் பயிற்சி, வெளியூர் முகாம் எல்லாம் உண்டு. முகாமில் கூடாரம் அடிப்பதிலிருந்து சமைப்பது வரைக்கும் மாணவர்களே செய்ய வேண்டும். அது சுற்றுலா இல்லை. நாற்பது பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகாமல் திருப்பிக் கூட்டிவரும் பொறுப்பைக் கற்றுக்கொள்வது.

வண்டியூர்ப் பக்கம்

இதெல்லாம் சென்னைக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வந்து தங்கும் வண்டியூரை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர். ஒரு 400 மீட்டர் டிராக்குக்கு எட்டுப் பாதைகளோடு சேர்த்து சுமார் 177-க்கு 93 மீட்டர் போதும். குளத்தின் பாதி இடத்திலேயே ஒன்று அடங்கிவிடும்.

பல வருஷம் இந்தக் குளத்தில் தைப்பூசத் தெப்பத்தைத் தவிர மற்ற நாளில் தண்ணீரே கிடையாது. அப்போது அதுதான் இந்தப் பகுதிப் பையன்களின் கிரிக்கெட் மைதானம். மைய மண்டபத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் பல மேட்ச் நடக்கும். ஒரு டீமின் பீல்டர் இன்னொரு டீமின் பிட்ச்சில் நிற்பான். பின்பு வைகையிலிருந்து வரும் வாய்க்கால் சரி செய்யப்பட்டு, குளம் நிரம்பியது. நிலத்தடி நீர் ஏறியது, ஊருக்கே அழகு வந்தது. நல்ல விஷயம், யாரும் குறை சொல்ல முடியாது. குளம் குளமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் அங்கே ஆடின பையன்கள் எங்கே போனார்கள்? குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல இது. ஒரு பெரிய நகரத்தின் பையன்கள் வறண்ட குளத்தை நம்பி விளையாட வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. வீட்டுமனை போடும்போது ரோட்டுக்கு இடம் விடுகிறார்கள், கடைக்கு இடம் விடுகிறார்கள். பந்து உருள இடம்?

இதே கிழக்குப் பக்கத்தில்தான் சக்கிமங்கலம் இருக்கிறது. அங்கே பிறந்த ரேவதி வீரமணி, சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளிக்கூடப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன் அவரைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார். லேடி டோக் கல்லூரியில் படித்துக்கொண்டே ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடினார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு எல்லோரும் அவரது உழைப்பைப் பாராட்டுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூடப் போட்டி நடந்ததால்தான் அவர் கண்ணில் பட்டார். அப்படி ஒரு போட்டி நடக்க ஒரு பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு உடற்கல்வி ஆசிரியர் பெயர்ப் பட்டியல் எழுத வேண்டும், பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போக வேண்டும், கோடு போட வேண்டும், விசில் ஊத வேண்டும். அந்த ஆசிரியர் இல்லாத பள்ளியில் படித்த இன்னொரு ரேவதி? அவர் பெயர் நமக்குத் தெரியப்போவதில்லை.

என்ன செய்கிறோம்?

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் உடற்கல்விக்குப் பகுதி நேரமாவது ஒரு பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 2012-ல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், இசை, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பின்பு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் போராடியதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பட்டம், அதற்கு மேல் இரண்டு வருஷம் பி.பி.எட்., முட்டி தேய மைதானத்தில் ஓடியது எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு மூன்று அரை நாள். பட்டாளத்துச் சிப்பாய் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கிறார் என்று டிரில் மாஸ்டர் ஆக்கிய காலத்துக்கும் இதற்கும் தூரம் எவ்வளவு? படிப்பு வளர்ந்திருக்கிறது, பல்கலைக்கழகமே வந்துவிட்டது. ஆனால் அந்தப் படிப்பு படித்தவருக்குப் பள்ளிக்கூடத்தில் நாம் கொடுக்கும் இடம் அவ்வளவாக நகரவில்லை.

பக் சொல்லிக் கொடுத்தது சாம்பியன்களை உருவாக்குவது மட்டும் அல்ல. எல்லாப் பிள்ளைகளும் விளையாட வேண்டும், அதற்குத் தெரிந்த ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதுதான் அந்த நந்தனம் கல்லூரியின் அடிப்படை. பதக்கம் வந்தால் கோடிக்கணக்கில் பரிசு அறிவிக்கிறோம். பதக்கம் வாங்கப்போகும் பிள்ளையின் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

எங்காவது பழைய பள்ளிக்கூடத்துப் பக்கம் போக நேர்ந்தால் உங்கள் பி.டி. சார் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நந்தனமோ காரைக்குடியோ, அவர் நிச்சயமாக ஒரு மணி நேரம் பேசுவார்.